நாடோடிக்குக் கட்டிய பொட்டலம்

சிஞ்ஞோரா,

இன்று போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, கத்தி தீட்டுகிறவனின் வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் செருப்பில்லாமல் பல்கனிக்கு ஓடுவீர்கள். நான் உங்கள் பின்னால் ஓடுவேன். "அவையள் வந்திட்டினம், ஓட்டைக் கேத்திலை எடு!" என்று நாலாம் மாடியிலிருந்து கூவுவீர்கள். நீங்கள் பேசிய இத்தாலியன் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது, குறை நினைக்காதீர்கள்.

பலேர்மோக்காரரைக் கலியாணம் கட்டி அறுபது வருடம் இங்கே இருந்தும், மறதி வந்தபின் நீங்கள் பிறந்த அயர்லாந்துத் தோட்டவீட்டுக்கே போய்விட்டீர்கள். அங்கே வருடாவருடம் குதிரை வண்டிலில் நாடோடிகள் வருவார்களாம். ஓட்டைப் பாத்திரங்களுக்குத் தகரம் ஒட்டி, ஊர்ப்புதினம் சொல்லி, வைக்கோல் கொட்டிலில் படுத்தெழும்பிப் போவார்களாம். போகும்போது உங்கள் அம்மா தேயிலையும் மாவும் கட்டிக் கொடுத்துவிடுவாராம். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் பெட்டியைப் பார்த்துவிட்டு, உங்களைப் பராமரிக்க வந்த என்னையும் அவர்களில் ஒருத்தியாக்கிவிட்டீர்கள்.

ஒவ்வொரு காலையும் ஒரு பொட்டலம். தேயிலை, சீனி, பாண் துண்டு. "இண்டைக்கு எந்தப் பக்கம் போறாய் பிள்ளை?" என்று கேட்டபடி என்னை வாசலுக்குக் கூட்டிப்போவீர்கள். எங்கே போவது! உங்கள் மகன் வேலைக்குப் போகும்போது வெளியால் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விடுவார். நீங்கள் தெருவில் இறங்கித் தொலைந்துவிடுவீர்களாம். என்னைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. என் பெர்மெசோவைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். அந்த அட்டை இல்லாவிட்டால் இந்த நாட்டில் எனக்கு இடமில்லை. இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நீங்கள்தான் கதவோடு சண்டை பிடிப்பீர்கள். "வழியிலை போறவளைப் பூட்டி வைக்கிறதோ? அம்மா அறிஞ்சா வெக்கத்திலை செத்துப்போவா!" அந்த வீட்டில் விசர் என்று பெயர் வாங்கியவர் நீங்கள். நான் அடைபட்டிருக்கிறேன் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரிந்தது.

ஒருநாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். நீங்கள் கைப்பிடியைத் திருகினீர்கள், கதவு திறந்துகொண்டது. படிக்கட்டிலிருந்து யாரோ வீட்டு உள்ளி வதங்கும் மணம் வந்தது. பொட்டலத்தை என் கையில் திணித்து, "ஓடு பிள்ளை, அவன் வாறதுக்குள்ளை" என்றீர்கள். ஐயோ, எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் உங்களைத் தனியே விட்டு ஓடினால் கையெழுத்தும் போச்சு, எல்லாமும் போச்சு. "இல்லை சிஞ்ஞோரா, நான் நிக்கிறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளையும் போட்டேன்.

"அப்ப நீ அவையளின்ரை ஆள் இல்லையோ?" என்று மட்டும் கேட்டீர்கள். அதன்பிறகு பொட்டலம் கட்டவேயில்லை. அந்த மாதம் முடியுமுன் கண்ணை மூடிவிட்டீர்கள்.

பெர்மெசோ கிடைத்துவிட்டது, சிஞ்ஞோரா. இப்போது வேலை செய்யும் வீட்டில் என் திறப்பு என் பையில்தான். உங்கள் மகன் என்னைப் பூட்டி வைத்த கதையை எல்லாரிடமும் சொல்லித் திட்டுகிறேன், திட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் பூட்டாத அந்த ஒரு நாள், பூட்டினது நான். அதை மட்டும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.