டேங்கில் ஒரு வளையல் கீறல்

மச்சான், ஆப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கேஸ்காரர் வந்தா புக்கு டிவி மேல.

கோபத்துல ஒரு வாரமா உங்க பைக்கைத் திரும்பியே பார்க்கலை. இன்னிக்குத்தான் துடைச்சேன். என்னா சிவப்பு! புது சைலன்சர், புது ஹேண்டில்பார், அசத்திட்டீங்க. ஆனா டேங்க்ல அந்தக் கீறல் மேல மட்டும் பெயின்ட்டே படலை. கல்யாணமான புதுசுல, பெருங்களத்தூர்ல நீங்க சடன் பிரேக் போட்டப்போ என் வளையல் கீறினது. தொடாதேன்னு பெயின்டர்கிட்ட சொன்னீங்களா? அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

அதுக்காக என் பின்சீட்டைக் கழட்டினதை விட்டுடுவேனா? சாவியைத் தேடாதீங்க. ஒருத்தர்தான் உட்காரலாம்னா, அது நான்தான். தாம்பரம் உம்மா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். நீங்க பஸ்ல வாங்க.

மெஹ்னாஸ்

வரும்போது ஸ்பானரையும் பழைய சீட்டையும் தூக்கிட்டு வாங்க. அங்கேயே மாட்டிட்டு, சேர்ந்து திரும்பலாம்.