மதகடியில் அம்மா நின்ற படம்

அன்பான அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். தையில் உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. அன்று கொடுக்கும் நினைவு மலரில் போடுவதற்கு ஒரு வெண்பா எழுதித் தரும்படி பெரியப்பா கேட்டார். எழுதிப் பார்த்தேன். அதில் நீங்கள் கற்பகதருவாகவும் கலங்கரை விளக்காகவும் இருந்தீர்கள். தோளில் பையும் விரலில் ரிக்கற் மையுமாகப் பஸ்ஸால் இறங்கி வருகிற கொண்டக்டர் அப்பாவைக் காணவில்லை. அதனால் வெண்பாவைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பெரியப்பா கோபித்தால் கோபிக்கட்டும்.

ஆறு வந்துவிட்டது, அப்பா.

புயல் என்று வானொலியில் சொன்னார்கள். காற்று எங்கள் வேலியைச் சரித்து, கிணற்றடி முருங்கையையும் முறித்துவிட்டுப் போய்விட்டது. மழைதான் விடவில்லை. இன்று காலை வானம் கொஞ்சம் வெளித்ததும் ஊர் முழுக்க மதகடிக்குப் போய்விட்டது. மாடு மேய்கிற, பெடியள் பந்தடிக்கிற அந்தப் பள்ளத்தைக் காணவில்லை. வயலும் வரம்பும் தெரு ஓரமும் ஒன்றாகி, தேத்தண்ணி நிறத்தில் வழுக்கியாறு ஓடிக்கொண்டிருந்தது. குடாநாட்டில் ஆறுகள் இல்லை என்று என் புவியியல் புத்தகத்தில் இருப்பதை ஒருநாள் வாசித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? "உதை எழுதினவர் கார்த்திகையிலை இஞ்சாலை வரேல்லைப் போல" என்றீர்கள்.

மலரில் இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். கல்யாணம் செய்த வருடத்திலிருந்து, ஆறு வருகிற அன்று மதகடியில் அப்பா ஒரு படம் எடுப்பார். தண்ணீருக்குள் மதகுக் கட்டின் உடைந்த மூலையடியில் அம்மா நிற்பார். ஆறு தனியே நின்றால் அளவு தெரியாது, பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் அந்தப் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. ஒரு வருடம் அம்மாவின் கணுக்கால்வரை தண்ணீர், இன்னொரு வருடம் முழங்கால்வரை. ஒன்றில் நான் அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கிறேன். எல்லாப் படத்திலும் அம்மாவின் வாய் திறந்திருக்கும். "கெதியாய் எடுங்கோ" என்று அவர் அவசரப்படுத்தி ஏசிக்கொண்டிருக்கும்போதே அப்பா விசையை அமத்திவிடுவார்.

அப்பா, உங்கள் பெட்டிக் கமராவுக்குள் ஒரு படத்துக்கு மட்டும் பிலிம் மிச்சம் இருந்தது. றோலில் கடைசிப் படத்தை ஆற்றுக்கென்று வைப்பது உங்கள் வழக்கமல்லவா? வேறு றோல் வாங்கவும் முடியாது. வெளிநாட்டுச் சாமான் வருவதில்லை என்று எல்லாக் கடையிலும் கையை விரிக்கிறார்கள்.

அம்மாவைக் கேட்டேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "வேறை ஆரையும் நிப்பாட்டி எடு. இந்தக் கோலத்திலை நான் அந்த அலுமாரியிலை இருக்கவேண்டாம்" என்றார். அவர் சொன்ன கோலம் எதுவென்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. நான் கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு படலைக்குப் போனேன். தூறல் தொடங்கியது. பின்னால் அம்மா குடையோடு வந்தார். கமரா நனையக்கூடாது என்பதற்காக மட்டும் வருகிறாராம். நீங்கள் போன பிறகு கோயிலுக்குக்கூடப் போகாத அம்மா தெருவில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

மதகடியில் பெரியப்பா முதலே நின்றார். அம்மாவைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. ஊர் எங்களைப் பற்றி ஒன்றும் கதைக்கக்கூடாது என்று தையிலிருந்து அவர்தான் காவல் நிற்கிறார்.

முன்வீட்டுப் பூமணி அக்காவை நிற்கக் கேட்டேன். அவர் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு இறங்கி, பல்லுத் தெரியச் சிரிக்கவோ, வாயை மூடிக்கொண்டு சிரிக்கவோ என்று என்னைக் கேட்டார். சிரித்தால் ஆறு பயந்து திரும்பி ஓடிவிடும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அப்பா, அவர் மேட்டுப் பக்கமாக நின்றார். தண்ணீர் அவருக்குக் கணுக்காலைத் தாண்டவில்லை. இன்னும் தள்ளி நிற்கச் சொன்னேன், மற்றப் பக்கம் தள்ளி நின்றார். நிலம் தெரியாத தண்ணீரில் அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா குடையை என் கையில் தந்தார். "உதிலை இல்லை, பூமணி" என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார். கீழே பார்க்கவேயில்லை. காலால் தடவித் தடவிப் போய், உடைந்த மூலையைக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே நின்றது. எந்த வருடமும் அவ்வளவு வந்ததில்லை.

"இதிலை. இதிலைதான் நிக்கிறது."

பூமணி அக்கா அந்த இடத்துக்கு வரவில்லை. கரையேறிவிட்டார்.

"மனோ, வருசம் திரும்பேல்லை" என்றார் பெரியப்பா அம்மாவிடம் மெல்ல. "சனம் பாக்குது."

"ஓம் அத்தான், பாக்குதுதான்." அம்மா அசையவில்லை. "வருசம் திரும்பட்டும் எண்டு ஆறு பாத்துக்கொண்டு நிக்கேல்லையே. வந்திட்டுது. அவர் இருந்தா எடுத்திருப்பார்."

பெரியப்பா என்னிடம் வந்து குடையை வாங்கி, கமராவுக்கு மேலே பிடித்தார். அவரின் தலையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

நீங்கள் சொல்லித் தந்தபடி கமராவை வயிற்றோடு அணைத்து, மேலேயிருந்து கண்ணாடிக்குள் பார்த்தேன். இடமும் வலமும் மாறி, அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஆறு ஓடியது. வெள்ளைச் சேலையோடு அம்மா நின்றார். மங்கல் வெளிச்சம். போதுமோ என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்தேன். ஆனாலும் உடனே அமத்தவில்லை.

"கெதியாய் எடு பிள்ளை, கால் விறைக்குது."

அம்மாவின் வாய் திறந்திருந்தது. அமத்திவிட்டேன்.

படம் விழுந்திருக்குமா? தெரியாது. கை ஆடியிருக்கலாம். அதே றோலில் தைக்கு முன் நீங்கள் எடுத்த படங்களும் இருக்கின்றன. எதையெல்லாம் எடுத்தீர்கள்? எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே.

தண்ணீர் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் றோலை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கழுவக் கொடுப்பேன். படம் மங்கலாக வந்தாலும், அம்மா வேண்டாம் என்றாலும், அலுமாரிக் கதவில் அதன் இடத்தில் ஒட்டுவேன். அடுத்த கார்த்திகைக்கும் றோலின் கடைசிப் படத்தை ஆற்றுக்கென்று வைத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்னும் ஒன்றை எழுதாவிட்டால் உண்மை முழுமையாகாது. நீங்கள் கடைசி பஸ் விட்டு வரும்வரை எரிகிற விறாந்தை லைற்றை, நீங்கள் போன பிறகும் நாங்கள் எவரும் இரவில் நிற்பாட்டியதில்லை. ஒவ்வொரு இரவும் விடியும்வரை எரிந்தது. சற்று முன் அம்மா எழுந்து வெளியே போனார். ஆற்றின் இரைச்சலைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "அவர் பாத்திருப்பார், படு பிள்ளை" என்று சொல்லிவிட்டு லைற்றை நிற்பாட்டினார்.

உங்கள் ஒரே மகள்,
வதனி