குரக்கன் வரம்பில் நீ கண்ட புல்

என் ஆசை அக்கா,

சண்டிலிப்பாயில் மழை ஓய்ந்துவிட்டது. குரக்கன் நடமுன் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்து வரம்பில் மற்றப் புற்களைப் புழு அரித்திருக்க, ஒரு புல் மட்டும் தப்பி நின்றதைக் கண்டவள் நீ. நீ தாவரவியல் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போய், அதன் தண்டைச் சீவி நுணுக்குக்காட்டியில் காட்டினாய். உள்ளே இழை இழையாகப் பங்கசு, பூஞ்சணம்.

"உது நோயில்லையடி. புல்லு பங்கசுக்கு இடம் குடுக்குது, பங்கசு புழுவை அண்ட விடுகுதில்லை. எங்கடை குரக்கனுக்கும் காவல் நிக்குமோ எண்டு பாக்க வேணும்."

பார்க்க முன்னமே, பள்ளிக்கூடத்தால் சைக்கிளில் வந்த வழியில் ஷெல்லடி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பூச்சி மருந்து ஊருக்குள் வராத காலம். போன போகம் நான் அந்தப் புல்லைப் பெயர்த்து ஒரு வரம்பு நெடுக நட்டேன். இவருக்குப் பிடிக்கவில்லை.

"சாப்பாட்டுக்கு உந்தத் தோட்டம்தான் இருக்கு. அக்காவின்ரை நினைவுக்காக அதிலை விளையாடாதை."

"நினைவுக்கில்லை. புழுவுக்கு," என்றேன்.

புழு வந்தது. மற்ற வரம்புகளில் பெருகிக் குரக்கனுக்குள் இறங்கியது. உன் புல் நின்ற பக்கம் நன்றாகக் குறைவு. இவரைக் கூட்டிவந்து காட்டினேன். குந்தியிருந்து பார்த்தார்.

"ஓம், புழு இல்லை. பயிரையும் பார்."

புல்லை ஒட்டிய நிரை குட்டையாக, மஞ்சளித்து நின்றது. பங்கசின் துணையில் கொழுத்த புல் மண்ணின் பசளைச் சத்தை இழுத்துவிட்டதா? வேரால் எதையாவது கசியவிட்டதா? கேட்க நீ இல்லை. செத்தவீட்டில் வராத அழுகை அந்த வரம்பில் வந்தது.

இவர் புல்லைப் பிடுங்கச் சொல்வார் என்று நினைத்தேன். போய் மண்வெட்டியோடு வந்தார்.

"இடையிலை வாய்க்கால் வெட்டிப் பாப்பம். வேர் தாண்டாது."

வெட்டிவிட்டோம், அக்கா. பள்ளிக்கூடத்தில் கேட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதே புல்லில் இழை இல்லாத தூர்களையும் தேடி எடுத்தேன். பாதி வரம்பில் அவை, பாதியில் இழையுள்ளவை. வேலை செய்வது பங்கசா, வெறும் புல்லா என்று அப்போதுதானே தெரியும்?

இந்தப் போகம் சரிவராவிட்டால் அடுத்த போகம் தூரத்தை மாற்றி நடுவேன். இடம்பெயர நேர்ந்தால் வேரோடு கொண்டுபோவேன். கண்டதை மட்டும் ஊருக்குச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். விடமாட்டேன்.

உனக்குப் பின் பிறந்த,
தங்கச்சி மலர்