உறைக்குள் இருந்த ராஜா

ஆகஸ்ட் 7, 1976. சனி
காலையிலிருந்து தூறல். குஷாய்குடா பஸ் முக்கால் மணி தாமதம். கிளப் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். நானும் செபாஸ்டினும் சம புள்ளி. ஜெயிப்பவருக்கு மாநிலப் போட்டியில் இடம். எனக்கு அறுபத்து மூன்று வயது. இனி எப்போது வாய்க்கும்?

செபாஸ்டின் (இனி செ.) ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், சிகந்தராபாத்காரர். ஆறு வருடமாக மாறி மாறி ஜெயிக்கிறோம்.

ஐந்து மணி நேரம். பெரிய காய்கள் எல்லாம் போய், ஆளுக்கு ஒரு ராஜா, மூன்று சிப்பாய். இன்றைய நேரம் முடிந்தது, மீதி ஆட்டம் நாளை. அவர் முறை. வழக்கப்படி அடுத்த நகர்த்தலை எனக்குக் காட்டாமல் சீட்டில் எழுதி, உறையில் ஒட்டி, நடுவரிடம் கொடுத்தார். நாளை பிரிப்பார்கள்.

"டீ சாப்பிடறியாப்பா?"

"நக்கோ, வேண்டாம் சார். ஏற்கெனவே இன்னிக்குத் தூக்கம் வராது."

ஆகஸ்ட் 8, ஞாயிறு, காலை
மழை. சாப்பாட்டு மேசையில் பலகை. அவர் எழுதியிருக்கக்கூடியவை:
சிப்பாய் முன்னே: எனக்கு வெற்றி.
ராஜா பக்கவாட்டில்: வெற்றி.
ராஜா முன்னே: டிரா.
ராஜா பின்னே: பார்க்கவில்லை. ஆறாம் வகுப்புப் பையன்கூட ஆடமாட்டான்.

மனைவி: "உங்க ராஜாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க, சாம்பார் வைக்கணும்."

ஆகஸ்ட் 9, திங்கள்
நேற்று மாலை உறை பிரித்தார்கள். ராஜா, ஒரு கட்டம் பின்னே.

சிரிப்பு வந்தது. இருபது நிமிடத்தில் போய்விட்டது. என் எந்தக் காய் நகர்ந்தாலும் எனக்கு நஷ்டம். சும்மா இருந்தால் பிழைப்பேன். ஆனால் நகர்ந்தே ஆகவேண்டும். உதாரணம்: வாய் திறந்தால் வெளியே என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்கும் வாத்தியார். (நானும் செய்திருக்கிறேன். பாவம் பிள்ளைகள்.)

தோல்வியை ஒப்புக்கொண்டு, கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தேன். "எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"பொய் சொல்லமாட்டேன் சார். எழுதறப்ப ஒண்ணும் தெரியல. மத்ததெல்லாம் பயமா இருந்துச்சு, பின்னாடி வெச்சேன். வீட்டுக்குப் போனா, தப்புப் பண்ணிட்டோம்னு சோறே இறங்கல. காலைல கோயில்ல, பூசை நடுவுல, சட்டுனு புரிஞ்சுது. சிரிச்சுட்டேன். ஃபாதர் முறைச்சாரு."

அப்படியானால் அந்த நகர்த்தல் யாருடையது? எழுதியவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த ஆறு சிப்பாய்களுக்கு நடுவே தானாகவே கிடந்திருக்கிறது. இடம் போனதில் வருத்தம், சின்ன வருத்தமல்ல. ஆனாலும் இதை எழுதும்போது உடம்பு சிலிர்க்கிறது.

எல்லோரும் போன பிறகும் காய்களைக் கலைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பூட்ட வந்த காவல்காரர் தெலுங்கில் கேட்டார்: ஆட்டம்தான் முடிந்ததே, இன்னும் என்ன பார்க்கிறீர்கள்?

செ. பலகையைக் காட்டினார். காவல்காரரும் சாவியோடு குனிந்து பார்த்தார்.