ஒரு கோடு முன்னே, ஒரு கோடு பின்னே

இன்று காலை விமான நிலையத்திலிருந்து மரக்கறிப் பெட்டிகள் வந்தன. முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்தபோது வளைவே இல்லாத நீளமான காய் ஒன்று கைக்கு வந்தது. கடையில் ஆள் இல்லை. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மற்ற நுனியைத் தட்டிவிட்டு, அது நடுங்குவதைப் பார்த்தபடி நின்றேன். கறிவேப்பிலை வாங்க வந்த அம்மா ஒருவர், “என்ன முதலாளி, முருங்கைக்காயோட விளையாட்டு?” என்று கேட்டார். உன்னோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? காயை நிறுத்து அவர் தலையிலேயே கட்டிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை நீ செய்த வேலை அது. சுவிஸில், வில் என்ற நகரத்தில் என் கடை இரண்டு அலுமாரியும் ஒரு குளிர்ப்பெட்டியுமாக இருந்த காலம். நீ தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தாய். வந்ததும் வராததுமாய் நல்ல காயாகப் பார்த்து எடுத்தாய்.

“மச்சான், இதுதான் துவக்குக் குழல் எண்டு வை.”

“பிளேனில வந்த சாமான். விலை தெரியுமோ? கீழ வையடா.”

“சுடேக்க குழல் இப்பிடித்தான் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது. நுனி மேல போகேக்க சன்னம் வெளிக்கிட்டா மேல விழும். கீழ வரேக்க வெளிக்கிட்டா கீழ. பிறகெங்க எல்லாம் ஒரே ஓட்டையில விழுறது?”

ஒரு சின்ன வெங்காயத்தை ரப்பர் பட்டியால் நுனியில் கட்டித் திரும்பவும் தட்டினாய். ஆட்டம் மாறிவிட்டது. வெங்காயத்தைக் கொஞ்சம் பின்னே நகர்த்தினாய். திரும்பவும் மாறியது. நுனி ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் துப்பாக்கிச் சன்னம் வெளியேற வேண்டும், அதற்கு ஏற்ற இடத்தில் பாரத்தைப் பூட்டவேண்டும், அவ்வளவுதான் என்றாய். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குள் அடங்கும் உருக்கு உருளை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாய். உடம்பெல்லாம் மயிரிழை போன்ற கோடுகள். குழல் நுனியில் பூட்டி, ஒவ்வொரு கோடாகச் சுற்றலாம். அதற்குப் பெயர் டியூனர். அமெரிக்காவில் சிலர் இப்படிப் பூட்டுகிறார்கள் என்று உன் மனைவி ரூத் ஒரு சஞ்சிகையில் வாசித்துச் சொல்ல, நீ உன் கையாலேயே கடைந்திருந்தாய்.

“அப்ப இதை எல்லாத் துவக்கிலயும் பூட்டலாமோ?” வியாபாரி வேறு என்ன கேட்பான்!

“பூட்டலாம். ஆனா இந்தக் காய்க்குச் சரியான இடம் மற்றக் காய்க்குச் சரிவராது. ஒவ்வொரு குழலுக்கும் பக்கத்தில இருந்துதான் பார்க்கவேணும்.”

அந்தக் கதையை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ரூத் துவக்குச் சுடும் சுவிஸ் குடும்பத்துப் பிள்ளை. மேசையில் மணல்பைகளின் மேல் துவக்கைக் கிடத்தி, மூச்சைக்கூட எண்ணிச் சுடும் அந்தப் போட்டியை அவளுக்குப் பழக்கியது தகப்பன்தான். ரொட்டி வெதுப்பகம் வைத்திருந்து விற்றுவிட்டு ஓய்ந்திருந்த மனிதர். அவள் உன்னைக் கட்டிய நாளிலிருந்து மகளோடு கதையில்லை. ஒரே கழகத்தில், பக்கத்து மேசைகளில் இருந்து சுடுவார்கள். இவள் பக்கம் அவர் முகம் திரும்பாது. உங்கள் மகளுக்கு நடக்கும் வயது வந்தும் அம்மப்பா அவளைத் தூக்கியதில்லை. “அவர் ஒருக்கா என்ர வீட்டுக் குசினியில வந்து இருந்து சாப்பிட்டா எனக்குப் போதும்,” என்று ரூத் நீ பழக்கிய தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க்கு விலை குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தாள். அழுகையையும் பேரத்தையும் ஒரே மூச்சில் வைத்திருந்தவளுக்கு நான் குறைத்துத்தான் கொடுத்தேன்.

டியூனர் பூட்டியபின் அவளுடைய இலக்கு அட்டைகளில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்து மேசைக்காரருக்குக் கண் தெரியாமலா இருக்கும்?

ஒரு நாள் அவர் என் கடைக்குள் வந்தார். நாங்கள் பேசியது அரைகுறை ஜெர்மன்தான். என் நினைவில் அது தமிழாகவே கிடக்கிறது. சிவப்பரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். மிளகாய்த்தூளை மணந்து தும்மினார். ஒன்றும் வாங்குகிற எண்ணம் இல்லாதவன் கடைக்குள் எப்படி நடப்பான் என்று எனக்குத் தெரியும். பொறுத்திருந்தேன்.

“அந்த இரும்புச் சாமான் உங்களிட்டத்தான் விக்கிறதெண்டு சொல்லிச்சினம்.”

யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. உன் வாசலுக்குப் போகாமல் அதை வாங்க அவர் கண்டுபிடித்த வழி அது. நானும் அந்தக் கணமே உன் முகவர் ஆகிவிட்டேன்.

“ஓம், நான்தான். அடுத்த கிழமை வாங்கோ.”

நீ இன்னொன்று செய்து முடிக்கும்வரை யாருக்கு என்று நான் சொல்லவில்லை. விற்றபிறகு சொன்னதும் எப்படித் துள்ளினாய்!

“விசரே உனக்கு? நான் பக்கத்தில இருந்து சுத்தாட்டி அது வெறும் இரும்படா! இருக்கிற குறியும் கெட்டுப்போகும். மனுசன் திட்டப்போறார்!”

“திட்டட்டும். திட்டுறதுக்கெண்டாலும் வரத்தானே வேணும்.”

வந்தார். இலக்கு அட்டையை என் பருப்புச் சாக்கின் மேல் அடித்து வைத்தார். அம்மை போட்ட முகம் மாதிரி ஓட்டைகள்.

“உங்கட சாமான் பழுது.”

“சாமான் பழுதில்லை ஐயா. நீங்கள் பாதியைத்தான் வாங்கினீங்கள்.”

“மற்றப் பாதி எங்க?”

“செய்த ஆள். அவர் உங்கட துவக்குக்குப் பக்கத்தில ஒரு நாள் இருக்கவேணும். அந்தப் பாதிக்கு நான் விலை போடுறதில்லை.”

அவரும் வாழ்நாளெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர்தானே. தன்னை நான் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று விளங்கிவிட்டது. என்னை முறைத்தார். வாயோரம் மட்டும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. “சனிக்கிழமை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கழகத்துக்கு வந்தேன். நல்ல வியாபார நாளில் நான் கடை பூட்டியது உனக்காக மட்டும்தான். முதல் வெடி கேட்டதும், ஊரில் யுத்தம் பழக்கிய என் கால் தானாக மேசைக்குக் கீழே போகப் பார்த்தது. நீ என் சட்டையைப் பிடித்து, “மச்சான், இஞ்ச சுட்டா கோப்பிதான் குடிப்பினம், ஓடமாட்டினம்,” என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். கடைசிவரை நீ ஒரு துவக்கின் விசையைத் தொட்டதில்லை. உனக்கு வேண்டியது அந்த இரும்பின் நடுக்கம் மட்டும்தான்.

மாமனும் மருமகனும் அருகருகே இருந்தீர்கள். அவர் சுடுவார். நீ தூரக்கண்ணாடியில் பார்ப்பாய். ஒரு கோடு சுற்றுவாய். கதை என்றால் இலக்கங்கள் மட்டும். நீ கோட்டின் இலக்கத்தைச் சொல்வாய், அவர் திருப்பிச் சொல்வார். ஓட்டைகள் முதலில் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தன. மெல்ல மெல்லக் கிட்ட வந்தன. பிறகு திரும்பவும் விலகின. “தாண்டிட்டம்,” என்று நீ பின்னே சுற்றினாய். மத்தியானம் தாண்டியது. அடுத்த அட்டையில் ஒரே ஓட்டை. விளிம்பு கொஞ்சம் கிழிந்த ஒரே ஓட்டை.

கிழவர் எழும்பி, அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓட்டைக்குள்ளால் உன்னைப் பார்த்தார். தன் தெர்மஸ் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றி உன்னிடம் நீட்டினார். ரூத் பக்கத்து மேசையில் தலையைக் குனிந்துகொண்டு துடைத்த துவக்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. டியூனர் விஷயத்தில் உன் சட்டம் எனக்குத் தெரியும்: இடம் அகப்பட்டால் பூட்டிவிடவேண்டும், பிறகு கை வைக்கக்கூடாது. வேலை முடிந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். திரும்பி வரக் காரணம் இல்லை. நீயோ ஒரு மயிரிழைகூடப் பொய் சொல்லத் தெரியாதவன். அப்படிப்பட்ட நீ, பூட்டாணியை இறுக்கிக்கொண்டே முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாய்:

“குளிர் கூடினா இது மாறும். ஒவ்வொரு கிழமையும் ஒருக்காப் பார்க்கவேணும். வீட்டை கொண்டுவாங்கோ.”

அடுத்த சனிக்கிழமை, ஆட்களையும் ஏற்றும் தபால் பஸ்ஸில் துவக்குப் பெட்டியை முதுகில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊரென்றால் சாரதியும் இறங்கி ஓடியிருப்பான். குசினி மேசையில் துணி விரித்துத் துவக்கைக் கிடத்தினாய். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கோடு முன்னே சுற்றினாய். யோசித்தாய். ஒரு கோடு பின்னே சுற்றினாய். பூட்டினாய். “இப்ப சரி.” அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, மீன் ரோல்ஸ் வந்துவிட்டது, உன் மகள் அவர் மடியில் ஏறிவிட்டாள். அடுத்த கிழமையும் வந்தார். குளிர் போய் வெயில் வந்தது. “சூட்டுக்கும் மாறும்,” என்றாய். வந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் படிக்கட்டில் உன்னை மறித்துக் கேட்டேன்.

“மச்சான், உண்மையைச் சொல். குளிருக்கு மாறுமோ?”

“கொஞ்சம் மாறும்.”

“எவ்வளவு?”

“கிழமைக் கிழமை வாற அளவுக்கு இல்லை.”

நீ சிரித்த சிரிப்பில் மேல் வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ இருந்தபோது சொல்லாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் மாமனார் கண்ணை மூடுவதற்கு முந்திய வருடம் கடைக்கு வந்து, வழக்கம்போல மிளகாய்த்தூளை மணந்து தும்மிவிட்டு என் காதோடு சொன்னார். இரண்டாம் கிழமையே டியூனரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டுதான் வந்தாராம். நீ முன்னே சுற்றிப் பின்னே சுற்றியதும் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்ததாம்.

“பிறகேன் ஒவ்வொரு கிழமையும் துவக்கைத் தூக்கிக்கொண்டு போனீங்கள்?”

“சும்மா எப்பிடி மகள் வீட்டை போறது? இவ்வளவு வருசம் கதைக்காம இருந்துபோட்டு?” என்றார். “அவனிட்ட சொல்லிப்போடாதேங்கோ. நல்லாச் செய்யிறான். கெட்டுப்போகும்.”

நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் மற்றவரை ஏய்த்துவிட்ட சந்தோசத்தில் இருந்தீர்கள். இரண்டு பக்கக் கணக்கும் தெரிந்த ஒரே ஆள் நான். அதைவிட நல்ல வியாபாரம் என் வாழ்க்கையில் அமைந்ததில்லை.

உன்னிடம் படித்ததை நானும் செய்து பார்க்கிறேன். கடை வேண்டாம் என்று என் மகன் சூரிச்சுக்குப் போனபோது வாய்த்தர்க்கம் முற்றிவிட்டது. நான் சொன்னதும் அளவுக்குக் கூடத்தான். ஆறேழு மாதம் தொலைபேசிகூட இல்லை. பிறகு ஒருநாள் நானே எடுத்து, கல்லாக் கம்பியூட்டர் மக்கர் பண்ணுகிறது, ஒருக்கால் வந்து பார் என்றேன். அதற்கு ஒரு பழுதும் இல்லை. வந்தான். ஏதோ ஒன்றைத் தட்டினான், திரும்பத் தட்டினான், “சரி அப்பா,” என்றான். தாய் சோறு போட்டாள். இருந்து சாப்பிட்டான். அதற்குப் பிறகு அது அடிக்கடி பழுதாகிறது.

போன சனிக்கிழமை கை கழுவிவிட்டு வந்தவனிடம், “என்னடா, இனிச் சரிதானே?” என்று கேட்டேன்.

அவன் கல்லாத் திரையையே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னான்:

“சொல்ல ஏலாது அப்பா. அடுத்த கிழமையும் வந்து பார்க்கத்தான் வேணும்.”