போட்டதாக எழுதிய ஊசி

பிப். 10, திங்கள்

காலையிலேயே வெயில். பிப்ரவரிக்கே இப்படி என்றால் மே மாதம் நாமெல்லாம் கருவாடுதான்.

இரண்டாம் சுற்று ஊசி. எடுத்துப் போனவை: ஐஸ் பெட்டி, ஊசிகள், சாணி எடுக்க டப்பா, கையுறை (ஒன்றில் ஓட்டை), படிவம். நம் தெரு, அடுத்த தெரு. பதினான்கு மாடு.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "மாட்டுக்கு இன்னா நோவு?" நோவு ஒன்றும் இல்லை. மாட்டுக் குடலில் ஒரு கிருமி இருக்கும், மாட்டை ஒன்றும் செய்யாது, சாணியோடு வெளியே வரும். கை வழியாக மனுஷர் வயிற்றுக்குப் போனால் ரத்தபேதி. சின்னப் பிள்ளை என்றால் கிட்னி வரைக்கும் போகும். அதை மாட்டிலேயே குறைக்கப் புது மருந்து, சோதனைக்காகப் போடுகிறோம். இதையே வீட்டுக்கு வீடு சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

பதின்மூன்று போட்டேன். பதினான்காவது எதிர்வீட்டு குமாரி அக்காவின் மாடு. "தேவி, உன் கால்ல விழறேன். கோமாரி ஊசி போட்டப்ப நாலு நாள் பால் கம்மியா கறந்துச்சு. இதுக்குதான் நோவே இல்லன்றியே, அப்புறம் இன்னாத்துக்கு ஊசி?"

முதல் சுற்றிலும் இதே அழுகை. அப்போதும் போடவில்லை. இன்றும் மருந்தைச் சாக்கடையில் ஊற்றினேன். படிவத்தில் "மறுத்தார்" என்று எழுதினால் எங்கள் மாட்டு டாக்டர் சாரே நேரில் வந்து நிற்பார். அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தினமும் பார்க்கிற முகம். "போட்டது" கட்டத்தில் டிக். ஒரு மாட்டில் என்ன வந்துவிடப் போகிறது.

பிப். 13, வியாழன்

சிலிண்டர் இன்னும் வரவில்லை. தோல் டேனரிக் காற்று இந்தப் பக்கம், நாள் முழுக்க ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. தலைவலி.

குமாரி அக்காவின் மகள் யாழினி ஒரு சொம்பு பால் கொண்டுவந்தாள். நாலு வயது. பாதியை வழியிலேயே சிந்திவிட்டாள். "அம்மா உன்னாண்ட குடுக்கச் சொல்ச்சி." ஊசி போடாததற்கு நன்றியாம். எனக்கு என்னவோ போல் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கன்னமெல்லாம் பிசுபிசுப்பு. கன்றுக்குட்டி நக்கியதாம். "நான் அதுக்கு முத்தா குடுத்தேன், அது எனக்குக் குடுத்துச்சி." போய்க் கை கழுவுடி என்றேன். பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள், வாலு.

நல்ல திக்கான பால். இரண்டு டம்ளர் டீ.

பிப். 20, வியாழன்

யாழினிக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. பள்ளிக்கூட வாசலில் மாங்காய் தின்றிருப்பாள் என்றது அக்கா. உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டது. "தேவி, செவப்பா போவுது."

ஓடிப் பார்த்தேன். ரத்தம். ஆட்டோ பிடித்து ஆற்காட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வழியெல்லாம் ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ பயப்படாத" என்றது. என்னிடம் போய்.

பிப். 25, செவ்வாய்

பேதி நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். இன்று பார்த்தால் முகம் வீங்கியிருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி. சேர்த்தாயிற்று. கிட்னி என்கிறார்கள்.

இன்று செய்யாமல் விட்டவை: மின்சார பில், அம்மாவுக்கு மாத்திரை, அடுத்து எடுக்க வேண்டிய சாணிக்கு டப்பாவில் எண் ஒட்டுவது. சாப்பாடும்.

மா. 1, சனி

டயாலிசிஸ். இவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய மெஷின்.

அக்கா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் வீட்டுக்காரர் சேகர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிறவர், லீவு போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறார். இட்லி வாங்கிப் போனேன். அக்கா தொடவில்லை. திடீரென்று என் பக்கம் திரும்பிச் சொன்னது:

"நல்லவேள நீ ஊசி போடல தேவி. போட்டிருந்தா அந்தப் பால் குடிச்சிதான் இப்படி ஆச்சுன்னு ஊரே உன்ன பேசிருக்கும்."

வாயில் என்ன கொழுக்கட்டையா எனக்கு? தலையை வேறு ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்து ஸீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

மா. 4, செவ்வாய்

யாழினி போய்விட்டாள். காலை பத்தரை.

மா. 5, புதன்

அடக்கம் முடிந்தது. மாட்டைக் கறக்க யாரும் இல்லை. கத்திக்கொண்டே இருந்தது. நான்தான் போய்க் கறந்தேன். பாலை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாளியோடு நின்றேன்.

மா. 12, புதன்

இரண்டாம் ஊசிக்குப் பிறகு எடுத்த சாணியின் ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் சார் மேசையில் பரப்பி வைத்திருந்தார். பதின்மூன்று மாட்டில் கிருமி இல்லை, அல்லது மிகக் கம்மி. ஒன்றில் மட்டும் ஏராளம்.

"ரெண்டு ஊசியும் போட்ட மாட்டுலயே இவ்ளோ இருக்கே. இந்த மாட்டுக்கு மருந்து வேலை செய்யலன்னு எழுதவேண்டியதுதான்" என்றார்.

அப்போது சொல்லிவிட்டேன். இரண்டு சுற்றும் போடாததை. சாக்கடையையும்.

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா, மறுத்தாருன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல டிக் போட்டிருந்தா யாரு உன்ன கேக்கப் போறாங்க?" என்றார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

குழந்தையைப் பற்றியும் சொன்னேன். சார் ரிசல்ட் தாளை மடித்து வைத்தார். "அந்த மாட்டுல இருந்துதான் வந்துச்சான்னு இனிமே யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். வராமயும் இருந்திருக்கலாம்."

இனி பொய் எழுத மாட்டேன் சார் என்றேன். நாளையிலிருந்து களப்பணிக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன். அக்காவிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்த வாசலைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டு அடி தூரம்.

மா. 20, வியாழன்

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

மத்தியானம் போனேன். சேகர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். எல்லாம் சொன்னேன், எந்தக் கிருமி, ரிசல்ட், டாக்டர் சொன்னது, நான் ஊற்றியது, எழுதியது. அக்கா நிமிரவில்லை. முறம் மட்டும் நின்றுவிட்டது.

"போட்டிருந்தா பாப்பா இருந்திருக்குமா?"

"தெரியலக்கா. டாக்டருக்கே தெரியல."

"தெரியலன்னு சொல்லாத தேவி. வேணான்னது நான்தானே. உன் கால்ல விழறேன்னது நான்தானே." மூச்சு வாங்கியது. "போட்டிருந்தாலும் இருந்திருக்காதுன்னு சொல்லு."

"இருந்திருக்காதுக்கா."

"சத்தியமா?"

கையை நீட்டியது. அதன்மேல் என் கையை அடித்துச் சத்தியம் செய்தேன்.