மாரிமுத்து மாஸ்டரின் நாற்காலி

1981 பெப்ரவரி, செவ்வாய் இரவு. வவுனியா.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகும் பன்னிரண்டு பேருக்கு இன்று வகுப்பு எடுத்தேன். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார வேண்டும் என்பது புதிய முறை. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாரிமுத்து மாஸ்டர் மட்டும் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

"மாஸ்டர், கௌரவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மாலையில் வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறினார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, பன்னிரண்டு பேரில் ஒருவரான பரமேஸ்வரி டீச்சர் சொன்னார்: "மிஸ், மாரிமுத்து மாஸ்டரின்ர குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தால வந்த ஆக்கள். நானும் அவரும் ஒரே வகுப்பிலதான் படிச்சனாங்கள். வாங்கு காலியாக் கிடந்தாலும் அவரை அதில இருக்க விடேல்ல. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நிலத்திலதான்."

"நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், பெஞ்சிலா?"

"ஓம், மிஸ். வாங்கிலதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.



நாளை காலை எட்டரைக்கு மறுபடியும் வகுப்பு. அவர் வருவாரா தெரியவில்லை. வந்தால் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் வைத்துக் கேட்பது என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். கேலி செய்தபோது இடம் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும்தான் செய்தேன்.